ஒரே படலின் இருநூறு படங்கள்

அம்மாவின் போனில் இனி ஒரு படம்கூட எடுக்க முடியாது என்ற நிலை வந்தபோதுதான் இந்த வேலையில் இறங்கினேன். சேமிக்க இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து வந்து போயிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத அம்மா, கேமராவின் கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு நாட்களாக முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. நான் கணினியில் முதுகலை முடித்து, உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் வருடக்கணக்காகக் குவிந்து கிடந்த விழாப் படங்களை ஒரே மாதத்தில் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தவள் நான்தான். நம் வீட்டுப் படங்கள் மட்டும் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்க வேண்டும் என்று தோன்றியது.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அப்பா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறிவிடுவார். தோட்டம் முழுக்க அம்மாவின் பொறுப்பு. நான் படிப்புக்காக மதுரையில் விடுதியில் இருந்த வருடங்களில்தான் அம்மாவுக்கு இந்தப் போன் வந்தது. அதில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. பாட்டு கேட்பாள், சித்திகளோடு பேசுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். அம்மா போனின் மெமரி கார்டு. அப்பாவின் பழைய பட்டன் போனிலிருந்து கழற்றிய கார்டு. என்னுடைய போன். அத்தை மகள் கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் கொடுத்த பென் டிரைவ். என் சடங்குப் படங்கள் இருந்த குறுந்தகட்டை எங்கள் லேப்டாப்பில் போட வழியில்லாததால் முன்பே கல்லூரியில் வைத்துப் பிரதி எடுத்து வந்திருந்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் படங்களை வெட்டி எடுத்து ஒரே இடத்தில் கொட்டினேன். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

கணினியில் வருடத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு படத்தின் பெயரும் தேதியில் தொடங்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது அப்படி இல்லை. அப்பாவின் பட்டன் போனில் யாரும் தேதியே வைக்காததால் அதில் எடுத்த அத்தனை படங்களும் ஒரே ஜனவரி ஒன்றாம் தேதியைக் காட்டின. ஜீப் வெள்ளையாக இருக்கிறதா, பச்சை அடித்த பிறகா என்று பார்த்து அவற்றைப் பிரித்தேன். நான் நிற்கும் படமென்றால் என் பள்ளிச் சீருடையை வைத்து எத்தனையாம் வகுப்பு என்று கண்டுபிடித்தேன். மத்தியானத்துக்குள் அப்பாவின் இளமை ஒழுங்காகிவிட்டது.

அடுத்தது இரட்டைப் படங்கள். ஒரே கல்யாணப் படம் சித்தி அனுப்பியது, மாமா அனுப்பியது, சித்தியே மறந்துபோய் மறுபடி அனுப்பியது என்று ஏழெட்டு இருந்தன. ஒன்றுபோல் இருக்கும் படங்களைத் தேடிக் கூட்டமாகக் காட்டும் ஒரு மென்பொருள் என்னிடம் இருந்தது. ஓடவிட்டேன். கல்யாணக் கூட்டங்கள், குலதெய்வம் கோயில் கூட்டங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு கூட்டம் நின்றது.

எங்கள் தோட்டத்து வாசல் படல். தகரத்தையும் முள்கம்பியையும் வைத்து அப்பா கட்டியது. அதன் சங்கிலி, பூட்டு. அவ்வளவுதான் படத்தில். இருநூற்றுக்கும் மேலே இருந்தன. ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், காலை வெளிச்சத்தில் எடுத்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாமா என்று மென்பொருள் கேட்டது. சட்டைப்பையில் இருந்தபடி போன் தானாகப் படம் எடுப்பதுபோல, அம்மா பூட்டைத் திறக்கும்போது விரல் பட்டு எடுத்தவை என்று முடிவு செய்தேன். நீக்கு என்றேன்.

பிறகு மங்கலான படங்களை நானே கண்ணால் பார்த்துப் பொறுக்கினேன். கேமராவுக்கு முன்னால் விரல் வந்து பாதியை மறைத்த படங்கள் நிறைய இருந்தன. பின்னால் மருந்து பாட்டில், முன்னால் அம்மாவின் ஒரு விரல். பின்னால் இலை, முன்னால் இரண்டு விரல். அம்மாவுக்குப் படம் எடுக்கச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவற்றையும் நீக்கினேன். கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மூவாயிரத்து நூறு நல்ல படங்கள் மிஞ்சின. காலியான கார்டைப் போனில் செருகி அம்மாவிடம் கொடுத்தேன்.

"இனி எம்புட்டு வேணாலும் எடுத்துக்கம்மா."

"பழசெல்லாம்?"

"கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. வருஷவாரியா."

அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிதான்" என்றாள். அன்று மாலை நான் மிகவும் திருப்தியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கம்பத்துத் திராட்சை வியாபாரி அம்மாவுக்குப் போன் செய்தார். எங்கள் தோட்டத்தில் மூன்று பந்தல். ரோட்டுப் பந்தல், கிணற்றுப் பந்தல், மேற்குப் பந்தல். மேற்குப் பந்தலில் அப்போதுதான் கொடி வெட்டும் கவாத்து முடிந்திருந்தது. கிணற்றுப் பந்தலில் பழம் கறுத்துவிட்டது, அதை அடுத்த வாரம் வெட்டுவதாக ஏற்பாடு. வியாபாரி முந்திக்கொண்டார். லாரி கிடைத்துவிட்டதாம், வியாழக்கிழமையே ஆட்களோடு வருகிறேன் என்றார்.

நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா போனை நீட்டினாள்.

"எம் படத்த எல்லாம் எடுத்துக் குடு. கிணத்துப் பந்தலுக்கு மருந்தடிச்சு எத்தன நாளாச்சுன்னு பாக்கணும்."

"எந்தப் படம்?"

"படல் படம்டி. தெனமும் எடுப்பேன்ல."

லேப்டாப்பைத் திறந்து மிஞ்சியிருந்த அந்த ஒரே படல் படத்தைக் காட்டினேன்.

"இது ஒண்ணுதான் கெடக்கு. மத்தது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சும்மா. அழிச்சிட்டேன்."

அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே மாதிரியா? நேத்தும் இன்னைக்கும் ஒண்ணாடி? ஒவ்வொண்ணும் ஒரு நாளு."

அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் படலைத் திறக்குமுன் அம்மா ஒரு படம் எடுக்கிறாள். ஒரு படம் என்றால் ஒரு நாள். மருந்தடித்தால் பாட்டிலைப் பந்தல் தாங்கும் கல்லுக்காலில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் விரலைக் காட்டி ஒரு படம். ஒரு விரல் ரோட்டுப் பந்தல், இரண்டு விரல் கிணற்றுப் பந்தல், மூன்று விரல் மேற்குப் பந்தல். கவாத்து வெட்டினால் வெட்டிய குச்சியோடு விரல். எந்தப் பந்தலுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால், அந்த விரல் படத்திலிருந்து இன்றுவரை படல்களைத் தள்ளித் தள்ளி எண்ணுவாள். திராட்சையில் எல்லாமே கவாத்திலிருந்தும் மருந்திலிருந்தும் எண்ணும் நாள்கணக்குதான். மூன்று பந்தலுக்கும் மூன்று கணக்கு ஓடும்.

"தேதி போட்ட காலண்டர் சுவத்துல தொங்குதேம்மா" என்றேன்.

"அதுல பந்தல் தெரியுதா? பாட்டில் தெரியுதா? போடி" என்றாள். பிறகு, "காலேசு பூராம் படிச்சுட்டு வந்து அழிக்கத்தான் கத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். 

விஷயம் இதுதான். சாரல் பிடித்ததால் அந்த மாதம் இலையில் செவட்டை நோய் வந்து, ரோட்டுப் பந்தலுக்கும் கிணற்றுப் பந்தலுக்கும் ஒரு வார இடைவெளியில் மருந்தடித்திருந்தாள். இந்த மருந்தடித்தால் பதினைந்து நாள் கழிந்துதான் பழம் வெட்ட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். எந்தப் பந்தலுக்கு முதலில் அடித்தாள் என்பதுதான் கேள்வி. கிணற்றுப் பந்தலுக்கு முதலில் என்றால் வியாழக்கிழமை வெட்டலாம். ரோட்டுப் பந்தலுக்கு முதலில் என்றால் கூடாது.

"எனக்கு நெனப்பு இருக்கு. கிணத்துப் பந்தலுக்குத்தான் மொதல்ல" என்றாள் அம்மா. "ஆனாலும் கண்ணால பாத்துக்கிட்டா நல்லது. இந்தப் பழத்த உரிச்சா திங்கிறாக? தோலோட வாயில போடுறாக."

அப்பா ஜீப்பைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு நெனப்பு இருக்குல்ல, அப்பறம் என்ன? வெட்டச் சொல்லு. ஊருல யாரு இம்புட்டுப் பாக்குறாக?"

"நான் பாப்பேன்" என்றாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். கார்டிலிருந்து வெட்டி எடுத்த படங்கள் உண்மையில் உடனே போய்விடுவதில்லை. அவற்றின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருளைக் கார்டின்மேல் ஓடவிட்டேன். ஆனால் காலியான போனைக் கொடுத்த சந்தோஷத்தில் அம்மா இரண்டு நாளில் சித்தி அனுப்பிய கோயில் திருவிழா வீடியோக்களை எல்லாம் அதில் இறக்கியிருந்தாள். பழைய படங்களில் பாதிக்குமேல் அவற்றின் அடியில் போய்விட்டது.

வந்தவரை வந்தன. பெயர்கள் போய் வெறும் எண்கள்தான் இருந்தன. நல்லவேளையாக எடுத்த தேதி பல படங்களின் உள்ளே அப்படியே இருந்தது. அதை வைத்து வரிசையாக்கினேன். சில படங்கள் முழுசாக, சில மேல்பாதி மட்டும், சில வெறும் சாம்பல் நிறம். அம்மா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். படல், படல், சாம்பல், படல். அவள் அவற்றைப் பார்த்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது சாரல் பிடிச்ச அன்னைக்கு. தகரம் நனைஞ்சிருக்கு பாரு" என்றாள். நான் தேதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அந்த மாதத்துப் பாட்டில் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. உள்ளே இருந்த தேதியை எண்ணிப் பார்த்தால், வியாழக்கிழமையோடு ஒன்பது நாள். முதலில் எடுத்த இன்னொரு பாட்டில் படம் வரவே இல்லை. கிடைத்த படத்தைத் திறந்தேன். பாட்டிலின் கழுத்தும் கல்லுக்காலும் தெரிந்தன. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் பட்டை.

"வெரலு எங்க?"

"அந்தப் பாதி போச்சும்மா."

"அப்ப எந்தப் பந்தல்னு எப்படித் தெரியும்?"

"கல்லுக்காலப் பாத்தாத் தெரியாதா?"

"மூணு பந்தலுக்கும் ஒரே எடத்துலதான் கல்லு வாங்குனோம்." அம்மா எழுந்துகொண்டாள். "ரோட்டுப் பந்தலாத்தான் இருக்கும். நெனப்பு இருக்கு எனக்கு. வெட்டட்டும்." சொன்னாளே தவிர, அடுப்படியில் நின்று விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வெள்ளனவே அம்மா தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் கல்லூரிக்குக் கிளம்புமுன் லேப்டாப்பை மூடப் போனேன். மீட்ட படங்கள் சிறுசிறு கட்டங்களாகத் திரையில் இருந்தன. அந்தப் பாட்டில் படத்தின் கட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். திறந்தால் பாதி சாம்பலாக இருக்கும் படம், கட்டத்தில் முழுசாக இருந்தது.

எனக்குத் தெரிந்த விஷயம்தான், நேற்று தோன்றவில்லை. போன் ஒரு படத்தைச் சேமிக்கும்போது அதன் தலைப்பகுதியிலேயே தபால்தலை அளவில் ஒரு சிறிய பிரதியையும் வைத்துவிடும். படத்தின் கீழ்ப்பாதி அழிந்தாலும் தலைப்பகுதி மிஞ்சினால் அந்தச் சிறிய பிரதி மிஞ்சும். அதைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. ஆனாலும் பாட்டிலுக்கு முன்னால் நின்ற விரல்களை எண்ண முடிந்தது. இரண்டு. கிணற்றுப் பந்தல்.

போனில் கூப்பிட்டேன், அம்மா எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். லாரி ரோட்டோரம் நின்றது. ஆட்கள் பந்தலுக்கடியில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பெட்டிகள் நிறைந்திருந்தன.

"நிறுத்தச் சொல்லும்மா. ஒம்போது நாள்தான் ஆச்சு."

லேப்டாப்பைப் பெட்டியின்மேல் வைத்துக் காட்டினேன். அம்மா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அவளுடைய விரல்களை அவளுக்கு அடையாளம் தெரியாதா? தன் இரண்டு விரலைத் தூக்கித் திரையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். அவள் நினைப்பு தவறிவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ள அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"கத்திரிய கீழ போடுங்க. வெட்ட வேணாம்" என்றாள்.

வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, லாரிய வரச் சொல்லிப்புட்டு?"

"மருந்தடிச்சு ஒம்போது நாளுதாண்ணே ஆச்சு. நான் மாத்தி நெனச்சுட்டேன். பதினஞ்சு கழியணும்."

"யாரு சொன்னா?"

"வெரலு சொல்லுது. இந்தா பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார். "இது என்ன, கோலம் மாதிரி இருக்கு?"

"நல்ல படமாத்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் படிச்ச எம் மக அழிச்சுப்புட்டா. அவளே பொறுக்கிக் கொண்டாந்திருக்கா."

வெட்ட வந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுல ஒரு எலி எல்லாத்தையும் கடிச்சு அழிக்குது, அதுவும் படிச்சதுதான் போல" என்றாள். நான் ஆய்வகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சாரல் திரும்பப் பிடிச்சா பழம் வெடிச்சுப் போகும் தங்கச்சி. அப்பறம் என்னையக் கேக்கக்கூடாது" என்றார் வியாபாரி.

"கேக்க மாட்டேன்."

"வெட்டுன நாலு பெட்டியவாச்சும் ஏத்திக்கிறேன்."

"அதையும் குடுக்க மாட்டேண்ணே." நான்கு பெட்டியையும் அம்மா தானே தூக்கிக்கொண்டு போய் உரக்குழியில் கொட்டி, ஆடு மேயாமல் மேலே மண் தள்ளினாள். வியாபாரி லாரியைக் கொண்டுபோய்விட்டார். திரும்ப வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "பாதி எம் மறதி, பாதி ஒன் வேல" என்றாள். அந்தப் பங்கீடு எனக்குச் சரியென்றே பட்டது. ஒன்றுபோல் இருப்பதை நீக்குவது என்ற என் முறையில் இப்போதும் எனக்கு நம்பிக்கை உண்டு. எடுத்தவளைக் கேட்காமல் நீக்கியதுதான் பிழை. கிடைத்ததை மீட்டதும் நான்தான் என்பதையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்த ஆறு நாட்களில் நாள் எண்ணும் செயலி ஒன்றை அம்மா போனில் போட்டுக் கொடுத்தேன். மூன்று பந்தலுக்கும் மூன்று நிறம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "நெறம் மட்டுந்தான் இருக்கு, என்ன மருந்துன்னு தெரியமாட்டேங்குது. எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டேன். கணினியில் வருட உறைகளுக்கு வெளியே அவளுக்குத் தனியாக ஓர் உறை வைத்தேன். மீண்டு வந்த படல்களையும், வெறும் சாம்பலாக வந்த படங்களையும் தேதி வரிசையில் அதில் போட்டேன். சாம்பலும் ஒரு நாள்தான், எண்ணிக்கைக்கு வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

மூன்றாம் நாள் சாரல் பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. அம்மா குடையோடு பந்தலுக்குள் நின்று கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பார்த்தாள். சில கொத்துகளில் பழம் வெடித்து ஈ மொய்த்தது. அப்பா வெடித்த பழத்தைப் பார்த்துவிட்டு, கழுவிய ஜீப்பையே மறுபடி கழுவப் போனார். 

பதினைந்து முடிந்த மறுநாள் காலை, கூப்பிடாமலே லாரி வந்து நின்றது. வியாபாரி இறங்கும்போதே கேட்டார்: "இன்னைக்காச்சும் வெட்டலாமா தங்கச்சி? இல்ல, மக கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணுமா?"

"வெட்டுங்கண்ணே."

நானும் விடுப்பு எடுத்திருந்தேன். ரோட்டோரம் சாக்கை விரித்து, வெடித்த பழங்களைக் கொத்திலிருந்து கத்திரியால் நீக்கும் வேலையைப் பெண்களோடு உட்கார்ந்து செய்தேன். நினைத்த அளவு சேதமில்லை. பத்துக் கொத்துக்கு ஒன்றில் நான்கைந்து பழம் போயிருந்தது, அவ்வளவுதான்.

வெயில் ஏறிய நேரத்தில் கேரளப் பதிவெண் போட்ட கார் ஒன்று பெட்டிகளைப் பார்த்துவிட்டு நின்றது. சுருளி அருவிக்குப் போகிறவர்கள். ஒரு பெண் இறங்கி ஒரு கொத்தைக் கையில் எடுத்தாள். காருக்குள்ளிருந்து அவளுடைய சின்ன மகள் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கொடுக்கப் போனவள் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள்.

"கழுகணோ சேச்சி?"

கழுவ வேண்டுமா என்று கேட்கிறாள்; அம்மாவுக்கு அந்த அளவு மலையாளம் தெரியும்.

"வேண்டா. அப்படியே குடுங்க, திங்கட்டும்."